பெயர்த் தகடு இல்லாத ஃபிரேம்: மண்தடப் பந்தயக் கார் கட்டிய ஒருவரைத் தேடிய நிகழ்வு

பின்னணி

2018 ஏப்ரலில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நடுப்பகுதிக் கிராமம் ஒன்றில் ஒரு விவசாயி காலமானார். அவருடைய களஞ்சியத்தைக் காலி செய்தபோது, வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் மரக்கட்டைகள் மேல் ஏற்றி வைத்த ஒரு பந்தயக் கார் ஃபிரேம் மகனுக்குக் கிடைத்தது. இன்ஜின் இல்லை, சக்கரங்கள் இல்லை. முன் ஆக்ஸில், பின் ஆக்ஸிலின் கூடு, நெளிந்து போன அலுமினிய வால்பகுதி, இவ்வளவுதான் மிச்சம். அப்பா 1960களில் பந்தயத்துக்குக் கார் வைத்திருந்தார் என்பது மகனுக்குத் தெரியும். யார் கட்டியது என்று தெரியாது. ‘ஓஹையோவிலிருந்து வந்தது, பெரிய ஆள் கட்டியது’ என்று சிறுவயதில் யாரோ சொல்லக் கேட்ட ஞாபகம் மட்டும் இருந்தது.

பழைய பந்தயக் கார்களைச் சீர்செய்து பாதுகாக்கும் சிறிய குழு எங்களுடையது. மொத்தம் நான்கு பேர். மூன்று பேர் அந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். நான் வேலைக்காக அங்கே போய்ச் சேர்ந்தவன். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவில் வளர்ந்ததால், வெல்டிங் வாசனை அடித்தால் நின்று பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அப்படித்தான் இவர்களோடு சேர்ந்தேன்.

அந்த வட்டாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெக்கானிக்ஸ்பர்க் அருகே வில்லியம்ஸ் குரோவ் என்ற அரை மைல் களிமண் தடம் 1939 முதல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு அங்கே, சனிக்கிழமை போர்ட் ராயல், செலின்ஸ்குரோவ், லிங்கன் தடங்களில் ஏதாவது ஒன்றில் என்று வாரம் தவறாமல் பந்தயம் பார்க்கிற குடும்பங்கள் மூன்று தலைமுறையாக உண்டு. ஓடுவது பெரும்பாலும் ஸ்பிரிண்ட் கார். அதற்குக் கிளட்ச் கிடையாது. பின்னாலிருந்து ஒரு டிரக் தள்ளித்தான் இன்ஜினைக் கிளப்ப வேண்டும். பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் பூட்டியிருக்கும். வலப்பக்கப் பின் டயர் இடப்பக்கத்தை விடப் பெரியது. நேராக விட்டாலே இடது பக்கம் இழுக்கும். இடது பக்கம் மட்டுமே திரும்புகிற தடத்துக்காகவே கட்டிய வண்டி அது.

இத்தகைய கார்களைக் கட்டியவர்களில் சிலருடைய பெயர் நிலைத்துவிட்டது. கலிஃபோர்னியாவின் ஃபிராங்க் கர்டிஸ், அனஹைமில் டான் எட்மண்ட்ஸ், ஓஹையோவின் யங்ஸ்டவுனில் ஃபிளாய்ட் டிரெவிஸ், பென்சில்வேனியாவின் லெபனானில் டிக் டோபியாஸ், அயோவாவின் டெமாயினில் பாப் டிராஸ்டில், கன்சாஸின் விசிட்டாவில் லவெர்ன் நான்ஸ். ஆனால் 1950களிலும் 60களிலும் ஒரு சனிக்கிழமை இரவு தடத்தில் நின்ற கார்களில் கணிசமானவை இவர்கள் யாரும் கட்டியவை அல்ல. பகலில் கலப்பையும் அறுவடை இயந்திரமும் ரிப்பேர் பார்த்துவிட்டு, குளிர்கால இரவுகளில் தன் பட்டறையில் ஒன்றிரண்டு ஃபிரேம் கட்டிக் கொடுத்த உள்ளூர் வெல்டர்களின் வேலை அவை. ஃபிரேமில் வரிசை எண் போட மாட்டார்கள், பெயர்த் தகடு அடிக்க மாட்டார்கள். பத்திரிகையில் வருவது ஓட்டியவர் பெயர். அதிர்ஷ்டம் இருந்தால் கார் சொந்தக்காரர் பெயர். கார் கை மாறும், பெயின்ட் மாறும், எண் மாறும். மோதினால் முன்பாகத்தை வெட்டிவிட்டு வேறொன்றை ஒட்டுவார்கள். ஐந்தாறு சீசனில், அதை முதலில் யார் கட்டினார் என்பது சிலருடைய நினைவில் மட்டும்தான் தங்கியிருக்கும்.

முதல் தவறு

குடும்பம் எங்களிடம் கேட்டது இரண்டு கேள்வி. இது யார் கட்டிய கார்? இதை மறுபடி ஓடவைக்க முடியுமா? முதல் கேள்விக்குப் பின்னால் பணமும் இருந்தது. ஓஹையோவின் பெரிய பெயர்தான் என்று உறுதியானால் வாங்கிக்கொள்ள ஒருவர் தயாராக இருந்தார். அதை நாங்கள் குறை சொல்லவில்லை. பண்ணையில் கடன் இருந்தது.

ஃபிரேம் வந்த இரண்டாம் வாரமே அதை சாண்ட் பிளாஸ்டிங்குக்கு, அதாவது மணலை வேகமாக அடித்துத் துருவையும் பெயின்டையும் நீக்கும் வேலைக்கு, அனுப்பிவிட்டோம். துருவைப் போக்கி இரும்பின் நிலையைப் பார்க்க வேண்டும் என்பது காரணம். காரணம் சரிதான், வரிசைதான் தப்பு. போவதற்கு முன் எடுத்தது எல்லாம் தூரத்தில் நின்று எடுத்த பன்னிரண்டு போட்டோ. அடுக்கடுக்காக இருந்த பெயின்டை யாரும் சுரண்டிப் பார்க்கவில்லை. சாம்பல் நிறத்தில் பளிச்சென்று திரும்பி வந்த ஃபிரேமைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டோம். எங்களில் மூத்தவர்தான் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இதன் கதையில் பாதியை மணலோடு கூட்டித் தள்ளியாயிற்று” என்றார்.

இன்னொரு தவறும் அதே மாதத்தில் நடந்தது. பழைய ஓட்டுநர்கள் இருவரிடம் போய், “இது ஓஹையோ கார்தானே?” என்று கேட்டோம். இருவரும் ஆமாம் என்றார்கள். எண்பது வயதைத் தாண்டியவரிடம், பதிலையும் சேர்த்துக் கேள்வி கேட்டால் வேறென்ன சொல்வார்? அந்த இரண்டு ஆமாம்களை நம்பியே மூன்று மாதம் ஓட்டினோம்.

ஃபிரேமில் பார்த்தவை

ஆகஸ்டில்தான் ஒழுங்காக உட்கார்ந்து அளக்கத் தொடங்கினோம்.

முன் ஆக்ஸில், 1930களின் இறுதியில் வந்த ஃபோர்டு வி8-60 காரின் குழாய் ஆக்ஸில். எடை குறைவு என்பதால் அந்தக் காலத்துப் பந்தயக்காரர்கள் பழைய இரும்புக் கடைகளில் தேடிப் பிடித்த சாமான் அது. பின்பக்கம், பல்சக்கரங்களைச் சீக்கிரம் மாற்றும் வகை. இவை இரண்டையும் வைத்துக் கட்டியவரைச் சொல்ல முடியாது. எல்லோரும் பயன்படுத்தியவை, யாரிடமும் காசு கொடுத்து வாங்கக்கூடியவை.

வெல்டிங்கில் இரண்டு கை தெரிந்தது. முதன்மைக் குழாய்கள் எல்லாம் கேஸ் வெல்டிங், மெல்லிய சீரான வரி. கார் கவிழ்ந்தால் காப்பதற்காக ஓட்டுநரின் தலைக்கு மேல் இருந்த குழாய்க் கூண்டு, அதாவது ரோல் கேஜ், மட்டும் மின்சார வெல்டிங், தடித்த வரி. அதாவது கேஜ் பிற்சேர்க்கை. தலையைச் சுற்றி முழுக் கேஜ் என்பது இந்தக் கார்களுக்குப் பரவலாக வந்தது 1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும்தான். ஆகவே ஃபிரேம் அதற்கு முந்தியது.

மூலைகளை இணைக்கும் முக்கோணத் தகடுகளில் ஒன்றின் உட்பக்கம், ஏதோ விவசாயக் கருவியின் பாகத்தில் அச்சடித்த எண் பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தது. பெரிய பட்டறைக்காரர் தகடு வாங்கித்தான் வெட்டுவார். இது பழைய கருவி ஒன்றின் தகட்டை அறுத்துச் செய்தது.

இடப்பக்கம் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் உள்ள தூரம் வலப்பக்கத்தை விட முக்கால் அங்குலம் குறைவாக இருந்தது. வேண்டுமென்றே வைத்ததா, எப்போதோ மோதியதில் நசுங்கியதா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். ‘தெரியாது’ என்று எழுதி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனோம்.

கடைசியாக ஒன்று. சில குழாய்களின் முனை, போல்ட் போட வசதியாகத் தட்டையாக அடிக்கப்பட்டிருந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அந்தத் தட்டையான இடத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள் தெரிந்தன. தச்சர்கள் ஆணி வழுக்காமல் இருக்கப் பயன்படுத்தும், முகத்தில் கட்டம் போட்ட சுத்தியலின் தடம். மணல் அடித்ததில் பாதி அழிந்துவிட்டது. வேறு எந்தப் பந்தயக் காரிலும் நாங்கள் அதைப் பார்த்ததில்லை.

மகளின் நோட்டுப் புத்தகம்

செப்டம்பரில் வேறொரு முதிய ஓட்டுநரைப் பார்க்கப் போனோம். வயது 86. இந்த முறை எதையும் சொல்லாமல், குழாய் முனையின் போட்டோவை மட்டும் நீட்டினோம். அவர் கட்டம் போட்ட சுத்தியலைப் பற்றித் தானாகவே பேசினார். “அவரிடம் நல்ல சுத்தியல் இருந்தும் இதைத்தான் எடுப்பார்” என்று ஒரு வெல்டரின் பெயரையும் சொன்னார். பக்கத்து ஊர். விவசாயக் கருவி ரிப்பேர் பட்டறை. அவர் இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

அன்று எங்கள் கையில் ரெக்கார்டர் இருந்தது. ஆன் செய்யவில்லை. முதல் சந்திப்பிலேயே இயந்திரத்தை நீட்டினால் மனிதர் தயங்குவாரோ என்று நினைத்தோம். அடுத்த மாதம் வந்து முழுதாகப் பதிவு செய்யலாம் என்று பேசிக்கொண்டு கிளம்பினோம். அடுத்த மாதத்துக்குள் அவர் காலமாகிவிட்டார்.

வெல்டருடைய மகள் எங்கள் ஊரிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் இருந்தார். எழுபதைத் தாண்டிய அம்மா. தொடக்கத்திலேயே ஒருவர் அவரைக் குறிப்பிட்டார்; ‘அப்போது சின்னப் பெண், அவருக்கு என்ன தெரியப் போகிறது’ என்று இன்னொருவர் சொன்னதைக் கேட்டு விட்டுவிட்டோம். ஓட்டியவர்களையும் சொந்தக்காரர்களையும் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தோம்.

அந்த அம்மாவுக்குத் தெரியாதது குறைவு. குளிர்கால இரவுகளில் அப்பா பற்றவைக்கும்போது குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது அவர்தான். கை நடுங்கினால் அப்பா நிறுத்திவிட்டு, அடுப்பருகே போய்க் கையைச் சூடாக்கிக்கொண்டு வரச் சொல்வாராம். எத்தனை கார் என்று கேட்டோம். எண்ணிக்கை ஞாபகமில்லை, நிறங்கள் ஞாபகம் இருக்கிறது என்று விரல் மடக்கினார். வெள்ளை, இரண்டு சிவப்பு, மஞ்சள், பாலாடை நிறம், கறுப்பு. ஆறு.

விதைக் கம்பெனிகள் விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் சட்டைப்பை நோட்டுகளில்தான் அப்பா கணக்கு எழுதியிருக்கிறார். அம்மா அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். 1964 பிப்ரவரிப் பக்கங்களில், கலப்பைப் பல் கூர்தீட்டியதற்கும் வாளிப் பிடி ஒட்டியதற்கும் நடுவே, களஞ்சியத்துக்காரரின் பெயரும் ‘ஃபிரேம்’ என்ற சொல்லும் இருந்தன. பாதி பணம், பாதி சோளம் என்று கணக்கு நேர் செய்திருந்தது. அந்தப் பக்கத்தை நாங்கள் நான்கு பேரும் மாறி மாறிப் படித்தோம். ‘அப்பா கார் கட்டினார்’ என்று அந்த அம்மா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ‘அப்பா வெல்டிங் செய்தார்’ என்றுதான் சொன்னார். அவர் தன்னைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொண்டாராம்.

பட்டறைத் தரை

நோட்டில் இருப்பது பெயரும் தேதியும்தான். அது இதே ஃபிரேம் என்பதற்கு அது சான்றாகாது. விவசாயி இரண்டு ஃபிரேம் வைத்திருந்திருக்கலாம்.

பழைய பட்டறையை இப்போது வேறொருவர் புல்வெட்டும் இயந்திரங்கள் ரிப்பேர் செய்ய வைத்திருக்கிறார். அனுமதி கேட்டு 2019 மார்ச்சில் உள்ளே போனோம். கான்கிரீட் தரையில் ஐம்பது வருட கிரீஸ். அம்மாதான் வாசலில் நின்றபடி, “அந்த ஜன்னலுக்கு நேராகப் பாருங்கள், அப்பா அங்கேதான் மண்டியிடுவார்” என்றார். சுரண்டினோம். கிரீஸுக்கு அடியில், தரையில் புதைத்த இரும்புக் குழிகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. உள்ளே போல்ட் மரை இருந்தது. இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு, மொத்தம் 14. ஃபிரேம் கட்டும்போது தாங்குகால்களைப் பூட்டி நிறுத்தும் இடங்கள். குழாய்களை அளவு மாறாமல் பிடித்து நிறுத்தும் ஜிக் என்ற சட்டத்தைத் தனியாகச் செய்யக் காசில்லாதவர் தரையையே ஜிக்காக ஆக்கியிருக்கிறார்.

டேப் பிடித்து அளந்தோம். ஒரு வரிசையின் பின்பக்கக் குழிகள் மட்டும் மற்றதை விட முக்கால் அங்குலம் முன்னால் தள்ளி இருந்தன. எண்ணை உரக்கச் சொன்ன நண்பர் நம்பாமல் இன்னொரு முறை அளந்தார். களஞ்சிய ஃபிரேமின் அதே முக்கால் அங்குலம். நசுங்கல் இல்லை; அவர் வேண்டுமென்றே வைத்த அளவு. மற்ற இடைவெளிகளையும் ஃபிரேமோடு பொருத்திப் பார்த்ததில் 14ல் 12 சரியாக உட்கார்ந்தன. மீதி இரண்டு, பின்னர் மாற்றப்பட்ட முன்பகுதிக்கு உரியவை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பெரிய பெயர் இல்லை என்பதைக் குடும்பத்திடம் நேரில் போய்ச் சொன்னோம். வாங்குவதாக இருந்தவர் விலகிக்கொண்டார். மகன் ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. பிறகு வந்து நோட்டுப் பக்கத்தைக் காட்டச் சொன்னார். அப்பாவின் பெயரைப் பார்த்தார், சோளக் கணக்கைப் பார்த்தார், ஃபிரேமை எங்களிடமே நீண்டகாலக் கடனாக விட்டு வைப்பதாகச் சொன்னார்.

ஓடவைப்பதில்லை என்று முடிவு செய்தோம். கீழ்க்குழாய்களில் உள்துரு, தட்டினால் சத்தம் இடத்துக்கு இடம் மாறியது. புதுக் குழாய் போட்டால் ஓடும். ஆனால் அவர் பற்றவைத்த இணைப்புகள் போய்விடும், நாங்கள் கட்டிய காருக்கு அவர் பெயரை வைத்தது போல் ஆகும்.

கேஜை வெட்டி எடுத்து 1964 வடிவத்துக்குக் கொண்டுவரலாம் என்று எங்களில் ஒருவர் வற்புறுத்தினார். அவர் வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் வைத்துக்கொண்டோம். யாரோ ஒருவர் தன் ஓட்டுநர் பிழைக்க வேண்டும் என்று அவசரமாக ஒட்டிய கேஜ் அது. அதுவும் இந்தக் காரின் வரலாறுதான். பெயின்டும் அடிக்கவில்லை, வெறும் மெழுகுப் பூச்சுதான். ஒரு பிராக்கெட்டைக் கழற்றியபோது அதன் அடியில் விரல்நகம் அளவுக்குப் பழைய பெயின்ட் தப்பியிருந்தது: மேலே சிவப்பு, நடுவே நீலம், அடியில் பாலாடை நிறம். அம்மா விரல் மடக்கிச் சொன்ன ஐந்தாவது காரின் நிறம். அந்த இடத்தைத் தொடாமல் கண்ணாடித் தகடு வைத்து மூடினோம்.

விளக்க அட்டையில் ஒவ்வொரு தகவலையும் மூன்று தரமாகப் பிரித்து எழுதினோம். அளந்தும் ஆவணம் பார்த்தும் தெரிந்தது ‘உறுதி’. பொருந்தி வருவது ‘பெரும்பாலும்’. ஒருவர் சொல்ல மட்டும் கேட்டது ‘கேள்வி’. கட்டியவர் பெயர் உறுதி. சுத்தியல் கதை, பதிவு இல்லாததால், கேள்வி. எங்களுக்கு மிகவும் பிடித்த தகவல் அதுதான், கீழ் வரிசையில் போய் உட்கார்ந்தது. கரூரில் எந்த பஸ்ஸின் பின்பக்கம் நின்றாலும் பாடி கட்டியவர் பெயரைப் படித்துவிடலாம். அதைப் பார்த்தே வளர்ந்தவன் என்பதால், அட்டையில் ‘கட்டியவர்’ என்ற வரி ஓட்டுநர் பெயருக்கு மேலே வர வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். மற்ற மூவரும் ஒப்புக்கொண்டார்கள். இணையத்தில் பெயர் வேண்டாம் என்று குடும்பம் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை.

பின்னர் நடந்தது

ஃபிரேமை 2019 கோடையில் உள்ளூர் கண்காட்சியில் வைத்தோம். இரண்டு பேர் தங்கள் வீட்டிலும் இது போன்ற ஒன்று கிடக்கிறது என்று வந்து சொன்னார்கள். ஒன்றில் முக்கால் அங்குல வித்தியாசமும் குழாய் முனைகளில் கட்டத் தடமும் இருந்தன. பெயின்டுக்கு அடியில் மஞ்சள். இன்னொன்று சிவப்புக் கார், வீட்டார் மிகவும் எதிர்பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு, மின்சார வெல்டிங், தரைக் குழிகளோடு எதுவும் பொருந்தவில்லை. இல்லை என்றுதான் சொன்னோம்.

இவரைப் போன்றவர்கள் ஏன் நிறுத்தினார்கள் என்பதற்கும் நோட்டிலேயே விடை கிடைத்தது. 1970க்குப் பிறகு ‘ஃபிரேம்’ என்ற சொல் வரவில்லை. ‘கேஜ்’, ‘முன்பக்கம் நேராக்கியது’ என்று சின்ன வேலைகள் மட்டும். அப்போது கார்களை வரிசையாகக் கட்டி விற்கும் பட்டறைகள் வளர்ந்துவிட்டன. உடைந்த பாகத்துக்கு போன் செய்தால் அதே அளவில் வேறொன்று வரும். சோளத்துக்கு ஃபிரேம் கட்டியவரால் அதோடு போட்டி போட முடியாது.

கட்டம் போட்ட சுத்தியலைக் கடைசி வரை தேடினோம். பட்டறைச் சாமான்களை ஏலம் விட்டபோது ஏதோ ஒரு பெட்டியோடு போய்விட்டது என்கிறார் அம்மா.

மறுபடி செய்தால்

துரு நீக்குவது கடைசி வேலையாக இருக்கும். பிராக்கெட், கிளாம்ப், போல்ட் தலை ஒவ்வொன்றின் அடியையும் திறந்து பெயின்ட் அடுக்கைப் போட்டோ எடுத்த பிறகுதான் மணல். முதியவர்களிடம் பெயரைச் சொல்லிக் கேட்க மாட்டோம். பாகத்தின் படத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருப்போம். முதல் சந்திப்பிலேயே, அனுமதி கேட்டு, ரெக்கார்டரை மேசையில் வைப்போம். தயங்குகிறவர் தயங்கட்டும், மறுத்தால் மறுக்கட்டும். அந்த 86 வயதுக்காரரின் குரல் எங்களிடம் இல்லை என்பதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

யாரை முதலில் பார்ப்பது என்பதையும் மாற்றிவிட்டோம். இப்போது ஒரு கார் வந்தால் முதலில் மனைவி, மகள், தங்கை என்று விசாரிக்கிறோம். குழாய் பிடித்தவர், கணக்கு எழுதியவர், இரவுச் சாப்பாட்டைப் பட்டறைக்கு எடுத்துப் போனவர். ஓட்டுநருக்குக் காரைத் தெரியும். கட்டிய இரவுகள் தெரிந்தவர்கள் இவர்கள்தான்.

பட்டறையின் இப்போதைய சொந்தக்காரர் 2021ல் தரைக்கு மேல் புது கான்கிரீட் போட்டார். அவர் இடம், அவர் தேவை. முன்கூட்டியே எங்களுக்குச் சொல்லி ஒரு வாரம் கொடுத்தார். பழுப்புக் காகிதச் சுருளைத் தரை முழுக்க விரித்து, 14 குழிகளையும் முழு அளவில் மையால் படி எடுத்தோம். காகிதத்தின் ஒரு முனை சுருண்டுகொண்டே இருந்தது. அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்தச் சுருள் இப்போது ஃபிரேமுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கறுப்புக் கார் இன்னும் கிடைக்கவில்லை.